நீதிபதி பாத்திமா பீவி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் கல்லூரியில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி அவர்களைப் பற்றிப் பேசினேன். பிறந்த ஊர், பெற்ற பதக்கம், வகித்த பதவிகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, 1992-ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, அவர்தானே பிறகு நம் மாநிலத்துக்குக் கவர்னராக வந்தார்? அந்தக் கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டாள். நேரமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். நேரம் இருக்கத்தான் இருந்தது. அதைச் சொன்னால் அதுவரை நான் தொடுத்த மாலை வாடிவிடும் என்று அஞ்சினேன். அதுதான் உண்மைக் காரணம். அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடனையும் இன்று சேர்த்துத் தீர்க்க எண்ணுகிறேன்.

பாத்திமா பீவி 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பத்தனம்திட்டாவில் பிறந்தார். தந்தை மீரா சாகிப் அரசு ஊழியர். தாய் கதீஜா பீவி. எட்டு மக்களில் இவரே மூத்தவர். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், அதாவது 1923-ஆம் ஆண்டில்தான், பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்கள் வக்கீல் தொழில் செய்வதற்கு இருந்த தடையைச் சட்டம் நீக்கியது. அதற்கு முன் நடந்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1916-ல் கல்கத்தாவில் ரெஜினா குகா என்னும் பட்டதாரிப் பெண்ணும், 1921-ல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா என்னும் பெண்ணும் தங்களை வக்கீலாகப் பதிவு செய்யும்படி வேண்டினார்கள். சட்டத்தில் ஆண்பால் சொல் வந்தால் பெண்பாலும் அதில் அடங்கும் என்ற பொதுவிதி அன்றே உண்டு. ஆயினும் அந்த விதி இந்த இடத்துக்கு மட்டும் பொருந்தாது என்று உயர் நீதிமன்றங்கள் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டன. சட்டம் கற்றவர்களே ஒரு சொல்லின் பொருளைத் தங்களுக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொண்ட கதை இது.

திருவிதாங்கூரில் காற்று சற்று வேறாக வீசியது. அங்கே அன்னா சாண்டி என்னும் பெண்மணி சட்டம் படித்து, வழக்குகளை நடத்தி, பெண்களுக்காகப் பத்திரிகையும் நடத்திவந்தார். திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர் 1937-ஆம் ஆண்டில் அவரை முன்சீபாக நியமித்தார். இந்தியாவில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. அப்போது பாத்திமாவுக்கு வயது பத்து. பத்து வயதுச் சிறுமிக்கு முன்சீப் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் அவருடைய தந்தைக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் மகள் திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்று, அதிலேயே மேற்படிப்புக்குப் போக எண்ணியபோது, அன்னா சாண்டியை எடுத்துக்காட்டாகச் சொல்லி அவரைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பியவர் அந்தத் தந்தைதான். மகளின் விருப்பத்தைத் தந்தை மாற்றியது சரியா என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் மகளை மேலே படிக்க வைக்கலாமா என்பதே வீடுகளில் கேள்வியாக இருந்தது. எதைப் படிக்க வைப்பது என்று ஒரு தகப்பனார் வாதாடியிருக்கிறார் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லியில் நம் உச்ச நீதிமன்றம் தோன்றியது. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பாத்திமா பீவி வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கத்தோடு வந்தவர் அவர். கொல்லம் நகரத்து நீதிமன்றங்களில் தொழிலைத் தொடங்கினார். தலையில் முக்காடிட்ட ஒரு முஸ்லிம் இளம்பெண் கறுப்புக் கவுன் அணிந்து வந்து நின்றபோது புருவத்தை உயர்த்திப் பார்த்தவர்கள் பலர். ஆக, அந்த மன்றமும் இந்த வக்கீலும் ஒரே ஆண்டில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள் என்று சொல்லலாம். இருவரும் சந்திக்க 39 ஆண்டுகள் ஆயின.

அந்த 39 ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்தார் என்பதுதான் நான் உங்களுக்கு நிதானமாகச் சொல்ல விரும்புவது. 1958-ஆம் ஆண்டு மே மாதம் கேரள நீதித்துறையில் முன்சீபாகச் சேர்ந்தார். நீதிமன்ற ஏணியில் முன்சீப் என்பது அடிப்படி. கொலை வழக்கும் அரசியல் சட்ட வழக்கும் அங்கே வருவதில்லை. வரப்பு யாருடையது, கிணற்றில் யாருக்கு எத்தனை முறை, ஓலைக்கூரையின் தண்ணீர் யார் முற்றத்தில் விழலாம், கடன் பத்திரத்தில் உள்ள கைநாட்டு யாருடையது என்பவையே அங்கே வரும் வழக்குகள். பணமதிப்பில் இவை சிறியவை; வழக்காடுகிறவனுக்கோ உயிர் போன்றவை. இளம் வயதில் சில காலம் நானும் ஒரு சிற்றூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருந்திருக்கிறேன். இரண்டு முழ வரப்புக்காகப் பதினைந்து ஆண்டு வழக்காடிய அண்ணன் தம்பிகளை அங்கே பார்த்தேன். அவர்கள் பேசுவதை முழுவதும் கேட்கப் பொறுமை உள்ள நீதிபதி ஒருவர் வந்தால், தோற்றவன்கூட ஓரளவு மனம் ஆறித்தான் வீடு திரும்புவான். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

முன்சீபாகப் பத்து ஆண்டுகள். 1968-ல் சப் ஜட்ஜ். 1972-ல் தலைமை ஜுடீஷியல் மாஜிஸ்டிரேட். 1974-ல் ஜில்லா செஷன்ஸ் நீதிபதி. 1980-ல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நீதித்துறை உறுப்பினர். 1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அப்போது அவருக்கு வயது 56. ஏணியின் ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 62. உச்ச நீதிமன்றத்தில் 65. பேர்பெற்ற வக்கீல் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் நேராக உயர் நீதிமன்ற ஆசனத்தில் அமர்ந்தால், மேலே போவதற்கு அவருக்குப் பதினேழு ஆண்டுகள் அவகாசம் இருக்கும். கீழ்ப்படியிலிருந்து ஏறி வருகிறவருக்கு நான்கோ ஐந்தோ ஆண்டுகள்தாம். பெண்களுக்கு அந்நாளில் பெரிய கட்சிக்காரர்கள் வழக்குகளைத் தருவது அரிது; ஆகவே பேர்பெற்ற வக்கீலாகி நேரே மேலே செல்லும் வழி அவர்களுக்கு ஏறக்குறைய அடைபட்டிருந்தது. மிஞ்சியது இந்த நீண்ட ஏணி. ஏணியின் உச்சிக்கு வந்து சேரும்போதோ, கடிகாரம் வீட்டுக்குப் போகும் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் ஏன் அங்கே இல்லை என்பதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

பாத்திமா பீவிக்கும் அதுவே நேர்ந்தது. 62 வயது நிறைந்து, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். வழக்கமாக ஒரு நீதிபதியின் கதை அங்கே முடிந்துவிடும். ஐந்து மாதங்கள் சென்றன. பிறகு டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. 1989 அக்டோபர் 6-ஆம் நாள் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். அந்த மன்றத்தில் அப்போது தலைமை நீதிபதி உட்பட 26 பேருக்கு இடம் இருந்தது. அவர்களுள் ஒரே பெண் அவர்.

அந்தச் செய்தி எனக்கு எப்படி வந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. காலையில் கோர்ட்டுக்குப் போனவுடன் எங்கள் அலுவலகத்தின் வயது முதிர்ந்த குமாஸ்தா, கையில் மடித்த செய்தித்தாளோடு எதிரே வந்தார். "அம்மா, டில்லி கோர்ட்டிலே ஒரு பெண்பிள்ளை ஜட்ஜாம். முன்சீபாயிருந்து போனவங்களாம்" என்றார். அவர் அழுத்தியது இரண்டாவது வாக்கியத்தை. நாற்பது ஆண்டுகள் முன்சீப் கோர்ட்டின் தூசியைச் சுவாசித்த அந்த மனிதருக்கு, ஒரு பெண் போனாள் என்பதைவிட, ஒரு முன்சீப் அங்கே போனார் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. நான் அன்று முதல் பாதியில் மகிழ்ந்தேன். இரண்டாம் பாதியின் பொருள் எனக்கு விளங்கச் சில காலம் ஆயிற்று.

உச்ச நீதிமன்றத்தில் அவர் இருந்தது இரண்டரை ஆண்டுகளே. அக்காலத்தில் அவர் எழுதிய தீர்ப்புகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1991-ஆம் ஆண்டில் வந்தது. கர்நாடகத்தில் குடிசைப் பகுதிகளைச் சீர்திருத்துவதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பகுதியை அரசு அச்சட்டத்தின்கீழ் அறிவித்தால், அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்குச் சில நன்மைகள் கிடைக்கும். அவ்வாறு அறிவித்த ஒரு பகுதியின் அளவை அரசு பிறகு குறைத்து, முந்திய அறிவிப்பை ரத்து செய்து, வேறொன்றை வெளியிட்டது. விடுபட்டுப்போன இடத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் நலச் சங்கம் ஒன்று இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வந்தது. ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுக்குமுன் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பது இயற்கை நீதி; முதலில் அறிவிக்கும்போது மட்டுமன்றி, அறிவித்ததை மாற்றும்போதும் அது பொருந்தும் என்று பாத்திமா பீவி எழுதினார். அரசாங்கத்துக்கு அது தாளில் ஓர் எல்லைக்கோடு. குடிசையில் இருப்பவனுக்கு அது கூரை. வரப்பு வழக்குகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வேறுபாடு எளிதில் எட்டியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன். இது என் ஊகம். தீர்ப்பில் அப்படி எழுதியிருக்கவில்லை.

1992 ஏப்ரல் 29-ல் அவர் ஓய்வு பெற்றார். மூடியிருந்த ஒரு கதவைத் தாம் திறந்ததாக அவர் பின்னாளில் சொன்னதுண்டு. திறந்த கதவின் வழியே அடுத்த பெண் வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின: 1994-ல் சுஜாதா மனோகர். அதற்கடுத்து 2000-ல் ரூமா பால். பிறகு பத்தாண்டு இடைவெளி. 2014-ல் நம் தமிழ்நாட்டின் ஆர். பானுமதி அவர்கள் சென்றார். அவரும் ஜில்லா நீதிபதியாகத் தொடங்கியவர். 2021 ஆகஸ்டு 31-ஆம் நாள் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றபோதுதான், தொடக்கமுதல் அங்கே அமர்ந்த பெண்களின் எண்ணிக்கை 11 ஆயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் வந்த எண்ணிக்கை இது.

இனி, அந்த மாணவி கேட்ட கதைக்கு வருகிறேன்.

1997-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் பாத்திமா பீவி தமிழ்நாட்டின் கவர்னரானார். நீதிபதியாக இருந்தவர் கவர்னராவதில் ஓர் இடர் உண்டு. நீதிபதி தம் அறிவின்படி தாமே முடிவு செய்கிறவர். கவர்னரோ பெரும்பாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கவேண்டியவர். ஆசனம் மாறும்போது பழக்கமும் மாறவேண்டும். 1999-ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்கள் அவரிடம் வந்தன. அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமலே அவர் அவற்றை நிராகரித்தார். அது செல்லாது, அமைச்சரவையின் ஆலோசனைப்படியே முடிவு செய்யவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே தீர்ப்பளித்தது. விஷயம் மீண்டும் ஆராயப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் நால்வருள் நளினியின் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு நடைமுறை எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது, பாருங்கள். நடைமுறையைக் கேலி செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழக்கைச் சொல்வதுண்டு.

இரண்டாவது நிகழ்ச்சி இதைவிடப் பெரிது. 2001 மே மாதத் தேர்தலில் ஜெயலலிதா அவர்களின் கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் கீழ்நீதிமன்றம் ஒன்று அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்திருந்தது. அதன் காரணமாக அவருடைய வேட்புமனுக்கள் ஏற்கப்படவில்லை. சட்டசபையின் உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்பது அரசியல் சட்டம். அது உறுப்பினராகத் தகுதி உள்ளவருக்கு மட்டுமா, தகுதி இழந்தவருக்குமா? கேள்வி இதுதான். மே 14-ஆம் நாள் கவர்னர் அவருக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மைக் கட்சி தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தவரை அழைப்பதே தம் கடமை என்பது அவர் நின்ற நிலை. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஜூன் மாத இறுதியில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி அவர்கள் கைதானதையொட்டி மத்திய அரசுக்கும் கவர்னருக்கும் இடையே பிணக்கு முற்றியது. அவரைத் திரும்ப அழைக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்த நிலையில், ஜூலைத் தொடக்கத்தில் அவர் பதவியை விட்டு விலகினார்.

செப்டம்பர் 21-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்த முதலமைச்சர் நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்களின் தீர்ப்பும் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே. தகுதி இழந்தவரைப் பெரும்பான்மை தேர்ந்தெடுத்தாலும் கவர்னர் நியமிக்க முடியாது என்பது அதன் சாரம். பின்னர் மேல்முறையீட்டில் ஜெயலலிதா அவர்கள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்று மீண்டும் முதலமைச்சரானார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயினும் மே 14-ல் நடந்ததைப் பற்றிய சட்டத்தின் முடிவு மாறவில்லை.

அந்த ஐந்து நீதிபதிகளுள் ஒருவர் ரூமா பால். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் பெண் செய்த நியமனத்தை, அதே மன்றத்துக்கு வந்த மூன்றாவது பெண் மற்ற நால்வரோடு அமர்ந்து ஆராய்ந்து, தவறென்று முடிவு கூறினார். இதை நான் முதலில் கவனித்தபோது மனம் சங்கடப்பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை. ரெஜினா குகாவும் சுதான்சுபாலாவும் கேட்டது சலுகையை அன்று. சட்டத்தின் முன் ஒரு நபராக எண்ணப்படவேண்டும் என்பதையே கேட்டார்கள். நபராக எண்ணப்படுகிறவர் தீர்ப்புக் கூறவும் செய்வார், தீர்ப்புக்கு ஆளாகவும் செய்வார். பாத்திமா பீவியின் கவர்னர் காலத்து முடிவுகள் தவறானவை என்பதே என் கருத்து. முன்சீப் ஆசனத்திலிருந்து படிப்படியாக அவர் ஏறிய முப்பத்தொரு ஆண்டுகளின்மேல் எனக்குள்ள மதிப்பு அதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அன்று எனக்குத் துணிவில்லாமற் போயிற்று.

பதவி விலகிய பிறகு அவர் பத்தனம்திட்டாவிலேயே வாழ்ந்தார். 2023 நவம்பர் 23-ஆம் நாள், தமது 96-ஆம் வயதில், கொல்லத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் காலமானார். 1950-ல் முக்காடிட்ட தலையோடு, கறுப்புக் கவுன் அணிந்து, முதல் வழக்குக்காக அவர் காத்திருந்தது அதே கொல்லத்தில்தான். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதை அறிவித்தது. அதை வாங்க அவர் இல்லை.